அதிவேகத் தோட்டாவும் என் சனிக்கிழமையும்

என் சனிக்கிழமையை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு. வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வெளியே வருவதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"என்னங்க, நாளைக்கு ஒரு வீட்டுல ஆறு ஜன்னல். ஏணிக்கு ஆள் இல்ல."

"ஏணியைப் பிடிக்கவா, ஏறவா?"

"ஏறத்தான். பிடிக்கறதுக்கு நான் இருக்கேன்."

என் மனைவி கர்ட்டன் தைத்துக் கொடுப்பவள். எங்கள் கூடத்தில் பாதி இடம் தையல் மெஷினுக்கு, மீதிப் பாதி துணிக்கு. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுகிற இடத்தில் நான் குடும்பம் நடத்துகிறேன். தைப்பது அவள் வேலை. கம்பி அடித்து மாட்டுவதற்கென்று ஒருவன் இருந்தான், அவன் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். அன்றிலிருந்து அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தாள். இத்தனை வருடம் கழித்து மறுபடியும் காதலோ என்று நானும் தலையை வாரிக்கொண்டு திரிந்தேன். அவள் என் உயரத்தை அளந்துகொண்டிருந்தாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வாரம் முழுக்க ஊரார் கண்களைச் சோதிப்பேன். சனிக்கிழமை ஒரு நாள் ரைஃபிள் கிளப்பின் சுடுதளத்துக்கு, அதாவது ரேஞ்சுக்குப் போய் என் கண்ணை நானே சோதித்துக்கொள்வேன். பாயின்ட் டூ-டூ துப்பாக்கி. சுண்டுவிரல் நுனி அளவு தோட்டா. பித்தளைக் குப்பியின் விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும். ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு தாள், தாளில் ஒரு கறுப்பு வட்டம், அதன் நடுவில் ஓட்டை விழ வேண்டும். ஆயுளில் பாதியை இதற்குத்தான் செலவழித்திருக்கிறேன். என் மனைவியிடம் இதன் பெருமையை விளக்கினால், "ஓட்டை போடறதுன்னா என் டிரில் மெஷின்லயே போடலாமே, கிட்டக்க நின்னு" என்பாள்.

"நாளைக்கு முடியாதும்மா. அடுத்த மாசம் கிளப் டீமுக்கு ஆள் எடுக்கறாங்க. எடுத்துட்டா ஒவ்வொரு சனிக்கிழமையும் பயிற்சி."

"எடுக்கலன்னா?"

"எடுக்காம எங்க போவாங்க? என்கிட்ட வேகம் இருக்கு."

அவளிடம் சாவி வாங்கி, அலமாரியிலிருந்து இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். பாடம் எடுப்பதென்றால் எனக்குப் பசியே தெரியாது.

"இந்தச் சிவப்புப் பெட்டி அதிவேகத் தோட்டா. துப்பாக்கியை விட்டுக் கிளம்பும்போதே ஒலியை முந்திடும். அதனாலதான் படீர்னு ஒரு சத்தம். இந்த நீலப் பெட்டி சப்சானிக். ஒலிக்குப் பின்னாடி கைகட்டிக்கிட்டுப் போகும். டொப்புனு ஒரு சத்தம், அவ்வளவுதான். சிவப்பு இல்லாத வாரம் கடைக்காரன் என் தலையில கட்டினது."

"ரெண்டுல எது சரியா போய் அடிக்கும்?"

"இதுல என்ன சந்தேகம்? வேகமா போறது வழியில கம்மியான நேரம் இருக்கும். கம்மியான நேரம் இருந்தா காத்து தள்ளறதுக்கு நேரம் கிடையாது. நேரா போய்ச் சேரும்."

அவள் ஒரு துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டே யோசித்தாள்.

"வேகமா தைச்சா எனக்குத் தையல் கோணுது. நிதானமா விட்டா நேரா வருது. குண்டுக்கு மட்டும் வேற நியாயமா?"

"இது விஞ்ஞானம்மா. தையல் இல்ல."

"எனக்கென்னவோ நீலம்தான் நல்லதுன்னு தோணுது. வேகமா போறவங்க எங்க போய்ச் சேர்ந்தாங்க? நீங்களே வண்டியை வேகமா ஓட்டிப் பக்கத்து வீட்டு கேட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தீங்க."

அது நடந்து நாலு வருடம் ஆகிறது. கேட்டைக்கூட மாற்றிவிட்டார்கள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ரோஷம் வந்தால் நான் வாயை மூட மாட்டேன், அதுதான் என் வியாதி.

"ரேஞ்சுல வெச்சுப் பார்த்துடலாம். இதுல பத்து, அதுல பத்து. வேகம் ஜெயிச்சா என் சனிக்கிழமை எனக்கு. நீலம் ஜெயிச்சா உனக்கு. ஏணி, டிரில், எல்லாத்துக்கும் நான் ரெடி."

"ஒரு வாரத்துக்கா?"

"ஆயுசுக்கும்."

"சரி," என்றாள். விலை கேட்காமல் பொருளை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிற மாதிரி அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். அந்த வாரத்து ஆறு ஜன்னலுக்குத் தன் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டாள். போட்டி அடுத்த வாரம் என்று முடிவானது.

ஜெயிப்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆனாலும் பாடம் எடுத்த அன்றே இரண்டு பெட்டியிலிருந்தும் ஒதுக்கி வைத்திருந்த தோட்டாக்களோடு, புதன்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு ரகசியமாக ரேஞ்சுக்குப் போனேன். ஜெயிக்கப்போகிறவன் ஒரு முறை ஜெயித்துப் பார்த்துக்கொள்வதில் தப்பில்லையே.

ரேஞ்சில் 'மில்லிமீட்டர்' என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் இருந்தார். கிளப்பின் நடுவர். லேத் பட்டறை நடத்தியவர், சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வெர்னியர் காலிப்பர் இருக்கும். தாளில் விழுந்த ஓட்டைகளில் ஒன்றுக்கொன்று ரொம்பத் தள்ளி இருக்கிற இரண்டைப் பிடித்து அளந்து சொல்வார். எத்தனையோ வருடம் துப்பாக்கிகளுக்கு நடுவில் நின்றதில் காது அவரைவிட்டு முன்கூட்டியே ஓய்வு பெற்றுவிட்டது. அவரிடம் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும், ரகசியம் உட்பட.

மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்து, சிவப்பில் பத்து சுட்டேன். குழலைத் துடைத்துவிட்டு, புதுத் தோட்டாவின் மெழுகு குழலுக்குப் பழகட்டும் என்று நீலத்தில் சிலதை மண்மேட்டில் சுட்டு வீணாக்கினேன். பிறகு நீலத்தில் பத்து. மில்லிமீட்டர் இரண்டு தாளையும் அளந்தார்.

"சிவப்பு முப்பத்தொன்பது மில்லிமீட்டர். நீலம் பதினாறு."

"திருப்பி அளங்கண்ணே," என்று கத்தினேன்.

"எத்தனை தடவை அளந்தாலும் காகிதம் சுருங்காது, கண்ணாடிக்காரரே. வேகத் தோட்டா ஒலியை முந்திக் கிளம்புது, சரி. ஆனா அந்த வேகத்துல கடைசி வரைக்கும் போக முடியல. வழியில ஒலிக்குக் கீழ எறங்குது. எறங்கற இடத்துல ஒரு ஆட்டம் ஆடுது. நீலம் மொதல்லேருந்தே கீழதான் போகுது, அதுக்கு ஆட எடமே இல்ல."

"எல்லாத் துப்பாக்கிக்கும் இப்படித்தானா?"

"ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ருசி இருக்கு. சிலதுக்கு வேகம் பிடிக்கும். உங்க குழலுக்கு நிதானம்தான் பிடிச்சிருக்கு."

என் துப்பாக்கி என் மனைவியின் கட்சி. இத்தனை காலம் எண்ணெய் போட்டுத் துடைத்தவன் நான், நன்றி காட்டுவது அவளுக்கு. வீடு திரும்பும் வழியெல்லாம் கண்ணில் பட்ட ஜன்னல்களை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒரு கட்டடத்துக்கு இத்தனை ஜன்னல் எதற்கு என்று அன்றுதான் எனக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் யோசனையும் வந்து சேர்ந்தது. இரண்டு தோட்டாவும் பார்வைக்கு ஒன்று. அதே பித்தளை, அதே ஈயம். வித்தியாசம் பெட்டியில்தான். சிவப்புப் பெட்டியில் நீலத்தைப் போட்டு, நீலப் பெட்டியில் சிவப்பைப் போட்டுவிட்டால் வேகம் ஜெயிக்கும், நானும் ஜெயிப்பேன். பிறகு ஆயுசுக்கும் சிவப்புப் பெட்டிக்குள் நீலத்தை வைத்துச் சுட்டு டீமிலும் சேர்ந்துவிடலாம். இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு ஏன் வெறும் கண்ணாடிக் கடை நடத்துகிறேன் என்று எனக்கே ஆதங்கமாக இருந்தது.

தோட்டா அலமாரியின் சாவி என் மனைவியிடம் இருக்கும். துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

"சாவி கொடும்மா."

"எதுக்கு?"

"தோட்டாவெல்லாம் தூசி படிஞ்சிருக்கு. துடைக்கணும்."

எடுத்துக் கொடுத்தாள். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் கடை பரப்பினேன். கூடத்தில் அவள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் ஓடும்போது மாற்றினேன். மெஷின் நின்றால் நானும் நின்றேன். ஒரு தடவை அது நின்று ரொம்ப நேரம் ஓடவே இல்லை. கையில் ஒரு பிடி தோட்டாவோடு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"துடைக்கறேன்மா."

"அழுத்தித் துடைக்காதீங்க, வெடிச்சுத் தொலைக்கப் போகுது."

மெஷின் மறுபடி ஓடியது. வேலையை முடித்து, பெட்டிகளை இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டி, சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று சாப்பாடு தேவாமிர்தமாக இருந்தது, அவள் உப்புப் போட மறந்திருந்தும்.

சனிக்கிழமை அவளை ரேஞ்சுக்கு அழைத்துப் போனேன். செய்தி எப்படியோ பரவி ஒரு சின்னக் கூட்டம் கூடியிருந்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்ணும் வந்திருந்தாள். டீமில் கடைசி இடத்துக்கு எனக்கும் அவளுக்கும்தான் போட்டி. நல்ல பெண்தான், ஆனால் சுடும்போது கண்ணைக்கூட இமைக்க மாட்டாள், அது ஒரு கண்ணாடிக்காரனுக்கே பிடிக்காத குணம். என் மனைவியைப் பார்த்ததும் "வாங்கக்கா" என்று பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தாள்.

எல்லோரும் காதடைப்பான் மாட்டிக்கொண்டோம். என் மனைவிக்குக் கிளப்பிலேயே பெரிய ஜோடியாகப் பார்த்து நானே மாட்டிவிட்டேன். மில்லிமீட்டர் கொடியை அசைத்தார்.

முதலில் நீலப் பெட்டி. உள்ளே இருப்பது வேகம் என்பது எனக்கு மட்டும் தெரியும். பத்து குண்டும் தாளில் சண்டை போட்டுக்கொண்ட சொந்தக்காரர்கள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தன. முறைப்படி குழலைத் துடைத்தேன், சிலதை மண்மேட்டுக்கு அனுப்பினேன். அடுத்தது சிவப்புப் பெட்டி. பத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் விழுந்தன. தொலைநோக்கியில் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. மோசடிதான், ஆனால் எவ்வளவு அழகான மோசடி.

மில்லிமீட்டர் காலிப்பரை எடுத்தார்.

"நீலம் முப்பத்தெட்டு. சிவப்பு பதினைந்து." புருவத்தைச் சுருக்கினார். "புதன்கிழமை நேர் எதிரா இருந்துதே?"

"அன்னிக்கு என் கை சரியில்லண்ணே," என்று கத்தினேன்.

"மூட்டை மேலதானே வெச்சு சுட்டீங்க?"

"மூட்டையும் சரியில்ல."

நடுவர் என்ன செய்வார்? தாள் சொல்வதுதான் அவருக்கு வேதம். இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டு, கீழே என் பெயரையும் எழுதி, 'அதிவேகமே துல்லியம்' என்று தலைப்புக் கொடுத்து அறிவிப்புப் பலகையில் குத்தினார். நாலு பேர் கை கொடுத்தார்கள். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் முகத்தில் வருத்தமே இல்லை. மருந்துக்கடைப் பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைக்காரிக்கே இருமலா என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்க சொன்னதுதான் சரி," என்றாள் என் மனைவி, எல்லோருக்கும் கேட்கும்படி. "சனிக்கிழமை உங்களோடது. இனிமே நான் கேக்கவே மாட்டேன்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த முதல் வாக்கியத்தை அவள் வாயால் அன்றுதான் கேட்டேன். காதடைப்பானைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"தங்கச்சி," என்று மருந்துக்கடைப் பெண்ணைக் கூப்பிட்டாள். "வீட்டுல தோட்டா நெறைய கெடக்கு. இவருக்குச் சரிப்படாததை வெச்சு நாங்க என்ன பண்ணப் போறோம்? நீங்க எடுத்துக்கங்க."

"எல்லாத்தையுமாக்கா?"

"சிவப்புப் பெட்டி ஒண்ணே ஒண்ணைப் பிரிச்சிருக்கோம், நீலம் ஒண்ணைப் பிரிச்சிருக்கோம். அந்த ரெண்டும் இதோ இருக்கு, பிரிச்ச பெட்டி இவருக்கு எதுக்கு, மிச்சம் இருக்கறதை நீங்களே எடுத்துக்கங்க. வீட்டுல பிரிக்காத நீலம் ஒரு அடுக்கு இருக்கு, சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க. இவருக்குப் புதுச் சிவப்பு போதும்."

நான் பெட்டிகளை என் பக்கம் இழுத்தேன். "இருக்கட்டுமேம்மா, நீலமும் வீட்டுல ஒரு ஓரமா..."

"எதுக்குங்க? முப்பத்தெட்டு மில்லிமீட்டர் போகுதுன்னு அண்ணன் கையெழுத்தே போட்டிருக்கார்."

கூட்டம் என்னைப் பார்த்தது. பலகையிலிருந்து என் பெயரும் என்னைப் பார்த்தது. நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களெல்லாம் எனக்குச் சோதனைதான். கடைக்குப் போய் நீலப் பெட்டி வாங்கலாம் என்றால், கடைக்காரன் முதல் ஆளாக, "வேகம்தான் சார், நீங்க சொன்னப்புறம் சிவப்புதான் பறக்குது" என்று சிவப்பையே எடுத்து நீட்டினான். தூர ஊருக்குப் போய் நீலம் வாங்கி வந்தேன். அதைச் சிவப்புப் பெட்டிக்குள் மாற்ற வேண்டுமே.

"சாவி கொடும்மா."

"எதுக்கு?"

"துடைக்கணும்."

"நானே துடைச்சுட்டேன். பளபளன்னு இருக்கு."

"எண்ணிப் பார்க்கணும்."

"எண்ணிட்டேன்."

ஒரு மனிதன் தன் சொந்த அலமாரியை எத்தனை நேரம் சுற்றிச் சுற்றி வர முடியும்? வாங்கி வந்த நீலத்தைக் கார் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தேன். மறுநாளே அவள், "இருக்கைக்கு அடியில ஏதோ கெடந்துது, உங்களுக்குச் சரிப்படாததுதானேன்னு தங்கச்சிகிட்டயே கொடுத்துட்டேன்" என்றாள். நான் ஏன் அதை வாங்கினேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

தேர்வு நாளன்று என் தோட்டாப் பெட்டிகளை அவளே மடியில் வைத்துக்கொண்டு கூட வந்தாள். வரிசையில் என் பக்கத்து இடத்தில் மருந்துக்கடைப் பெண். அவள் முன்னால் நீலப் பெட்டி, என் முன்னால் சிவப்புப் பெட்டி. முத்திரை பிரிக்காத, கலப்படமில்லாத, அக்மார்க் சிவப்பு. கொடி அசைந்தது. என் குண்டுகள் ஒலியை முந்திக்கொண்டு கிளம்பின. வழியில் ஆட்டம் ஆடின. வட்டத்தின் நடுப்பகுதியை மட்டும் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போய் விழுந்தன. அவள் தாளில் ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது, கொஞ்சம் பெரிதாக.

டீமில் இருந்த அந்தக் கடைசி இடம் அவளுக்குப் போனது. மில்லிமீட்டர் என் தோளில் தட்டினார். "அறிவிப்புப் பலகையில இருக்கற தாளைப் பார்த்தா நம்ப முடியல," என்றார். உண்மையாகவே எனக்கு அழுகை வந்தது. டீமில் சேர வேண்டும் என்பது வெறும் ஏணிக்குப் பயந்து வந்த ஆசை இல்லை. அது என் பல வருட ஆசை.

அடுத்த சனிக்கிழமை விடிந்தது. என் சனிக்கிழமை, நான் ஜெயித்த சனிக்கிழமை. ரேஞ்சுக்குப் போனால் எல்லா இடத்திலும் டீம் பயிற்சி, மற்றவர்கள் ஞாயிறு வரலாம் என்று காவலாளி திருப்பி அனுப்பினார். வீட்டுக்கு வந்தேன். உட்காரலாம் என்றால் நாற்காலி எல்லாவற்றிலும் துணி. நிற்கலாம் என்றால் நிற்கிற இடத்தில் ஏணி.

"எங்கயாவது போகணுமா?" என்று கேட்டாள் என் மனைவி. அவள் வாக்குத் தவறாதவள், வா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இல்ல."

"நான் கெளம்பறேன். நாலு ஜன்னல். தம்பிக்கு இன்னிக்கு வேலை இருக்கு. நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

ஏணியை நான்தான் எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை.

புதுக் குடித்தனக்காரர்களின் வீடு அது. மூன்றாவது ஜன்னலில் கம்பியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது மனசு தாங்கவில்லை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துக் கேட்டேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"எது?"

"பெட்டியை மாத்தினது."

"அன்னிக்கு ரேஞ்சுலயே. நீலப் பெட்டியிலேருந்து எடுத்துச் சுட்டீங்க, படீர் படீர்னு வெடிச்சுது. சிவப்புலேருந்து எடுத்துச் சுட்டீங்க, டொப்பு டொப்புனு விழுந்துது. சாப்பாட்டு மேஜையில நீங்க எடுத்த பாடம் எனக்கு நல்லா மனசுல இருந்துது."

என் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்தது. இத்தனை வருடமாகக் காதை மூடிக்கொண்டே சுடுகிறவனுக்கு, சத்தம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கிறது.

"நான்தான் உன் காதை நல்லா மூடினேனே?"

"கொண்டை இடிச்சுது. ஒரு பக்கம் தூக்கி விட்டுக்கிட்டேன். தங்கச்சியும் தன்னோடதைக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் கேட்டா. அதான் அவளுக்கு அந்த இருமல்."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே. நீ ஜெயிச்சிருப்பியே."

"ஜெயிச்சு? தோத்துட்டோம்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஏணி ஏறுவீங்க. இப்பப் பாருங்க, எவ்வளவு பணிவா ஏறியிருக்கீங்க." திருகாணியைப் பொறுக்கி என் கையில் கொடுத்தாள். "சத்தத்தைக் கேட்டதுமே எனக்குச் சிரிப்புத்தான் வந்துது. உங்க துப்பாக்கியும் அச்சு அசல் உங்கள மாதிரியேதான். பொய் சொல்லும்போது மட்டும் குரல் எறங்கிடுது."

திருகாணியை முடுக்கினேன். கீழே இறங்கி, ஏணியை நாலாவது ஜன்னலுக்கு நகர்த்தினேன், வேண்டுமென்றே தடதடவென்று சத்தமாக.